மாமனார் அறைந்த பத்தி

பிரகதீஷுக்கு ஒன்பது காதல் கதைகள் இருந்தன. காதலி ஒருத்திதான். ஒன்பது கதையிலும் அவளேதான் வந்தாள்; அவளைத்தான் கல்யாணமும் செய்துகொண்டான்; சரவணம்பட்டியில் லிஃப்ட் படுத்துக்கொள்ளும் நாட்களில் அவளோடுதான் நாலு மாடி ஏறினான். கதை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாறும். அதற்குத்தான் சம்பளம்.

சம்பளம் கொடுத்த இடத்தின் பெயர் வாடாமலர் டிஜிட்டல். கீழே பேக்கரி, மேலே கம்பெனி. கீழே நேற்றைய பன்னைச் சூடு காட்டி விற்றார்கள். மேலே பத்து வருஷத்துப் பழைய வலைப்பதிவுகளுக்கு அதே வைத்தியம் நடந்தது.

'தேடல்' என்று ஊரே சொல்லும் அந்தப் பெரிய மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வருஷம் யாரும் தொடாத பதிவைச் செத்ததாக எண்ணி அடியில் தள்ளிவிடும். காதில் குமிழை மாட்டிக்கொண்டு கேள்வி கேட்கிற ஜனத்துக்கு முதல் பதில்தான் பதில். இரண்டாவதாக ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. அதனால் ஒரு காலத்தில் எல்லாக் கம்பெனிகளும் எழுதுகிற மெஷின்களை ஏவிப் பழைய பதிவுகளைப் புதுப்பித்துத் தள்ளின. தக்காளித் தொக்குக்கு மட்டும் ஒரே நாளில் லட்சம் முன்னுரை வந்தது. தேடலே திகட்டிப்போய்ப் புது விதி போட்டது. சம்பவத்தில் இருந்த மனிதர்தான் அந்தப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்வது நினைவிலிருந்து வருகிறதா, கற்பனையிலிருந்தா என்று மணிக்கட்டில் கட்டும் 'நாடி' என்கிற பட்டை பார்த்துக்கொள்ளும். நினைவு பச்சை, கற்பனை சிவப்பு.

நடந்தது ஒரே தடவை, புதுசு மட்டும் வருஷா வருஷம் வேண்டும். இது எங்கே இடிக்கும் என்று தேடல் யோசிக்கவில்லை. பிரகதீஷும் யோசிக்கவில்லை. அப்போது அவனுக்கு வேலை கிடைத்த சந்தோஷம்.

கல்யாணமான புதிதில் அவன் பொழுதுபோகாமல் எழுதிய பதிவு அது: 'வீட்டில் சம்மதம் வாங்குவது எப்படி? எங்கள் கதை.' வாடாமலர் அந்தப் பதிவை வாங்கியபோது, சாட்சியாக அவனையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் பிள்ளைகள் காதலிக்கும்வரை, அப்பாக்கள் முறைக்கும்வரை அந்தப் பதிவுக்கு அழிவில்லை என்று நம்பினார்கள். சரியாகத்தான் நம்பினார்கள்.

இப்போது அதற்குத்தான் ஆபத்து.

"அண்ணா, உக்காருங்க. காலை ஆட்டாதீங்க, டேபிள் ஆடுது," என்றான் மேனேஜர் ஆத்விக். பிரகதீஷைவிடப் பத்து வயது இளையவன். எவ்வளவு பெரிய இடியையும் ஐஸ்கிரீம் மாதிரி நீட்டுகிறவன். "தேடல்ல புது ரூல் வந்திருக்குங்ண்ணா. இனிமே ஒரு சாட்சி பத்தாதாம். ரெண்டு பேரு."

"மிருதுளாவக் கூட்டிட்டு வந்தர்றேன்."

"மத்த பத்திக்கெல்லாம் அக்கா போதும்ண்ணா. நாலாவது பத்திக்குத்தான்..." ஆத்விக் திரையைத் திருப்பினான். "நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க. 'குடோனில் நானும் அவரும் மட்டுமே இருந்தோம்.'"

மாமனாரின் கிரைண்டர் குடோனைப் பற்றிய அந்த வரி ஐந்தாம் பதிப்பில் வந்தது. தனிமை சேர்த்தால் வாசகர்கள் கூடுதலாக நிற்கிறார்கள் என்று ஆத்விக்குக்கு முன்பிருந்த மேனேஜர் சொன்னதால் சேர்த்தது.

"அந்தப் பத்திய எடுத்தரலாமே."

ஆத்விக்கின் முகத்தில் பெற்ற பிள்ளையை விற்கச் சொன்ன கலவரம் தெரிந்தது. "அண்ணா! மாமனார் அறைஞ்ச பத்திண்ணா அது! பாதிப் பேரு அத மட்டும் கேட்டுட்டுத்தான் போறாங்க. 'கிரைண்டர்களின் இரைச்சலில் அந்த அறையின் சத்தம் எனக்கே கேட்கவில்லை'... பொண்ணுங்க ஸ்டேட்டஸ் வெக்கிறாங்கண்ணா. அந்தப் பத்தி போனா பதிவு போச்சு. பதிவு போனா நீங்க..." என்று நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை அன்போடு முன்னால் நகர்த்தினான். "அவர ஒருக்கா கூட்டிட்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

பிரகதீஷின் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது. அங்கே எரிந்தது. மாமனார் சம்பத்குமாரின் பேச்சு வந்தாலே எரியும். அவர் வீட்டுப் படியை அவன் மிதித்து ஐந்து வருஷத்துக்கு மேலாகிறது. நிம்மதியில்லாமல் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். என்னை அறைந்த ஆளிடம் போய், வந்து அதற்குச் சாட்சி சொல்லுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

கீழே இறங்கி ஒரு தேங்காய் பன் வாங்கினான். தின்னவில்லை. பிய்த்துப் பிய்த்து மூடியிருந்த கடை வாசலில் நின்ற நாய்க்குப் போட்டுக்கொண்டே வீடுவரை நடந்தான். நாயும் கூடவே வந்தது.

வீட்டில் மிருதுளா, ஆறு வயது மகள் ஆதிரையின் காதில் பளபளவென்று ஒரு கம்மலை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டுகிற கம்மல். குளித்தால் விழுந்துவிடும். பள்ளிக்கூடத்தில் காது குத்தாத பெண் அவள் ஒருத்திதான் என்பதால் இந்த ஏற்பாடு.

மிருதுளாவுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. காது குத்த, தாய்மாமன் இல்லாத பிள்ளைக்கு அம்மாவைப் பெற்ற அப்பாவின் மடிதான் மடி. அந்த மடியில் என் பிள்ளை உட்காராது என்று பிரகதீஷ் சொல்லிவிட்டான். குலதெய்வக் கோயிலில் நாள் குறித்து, பத்திரிகை அடித்து, நிறுத்தியது. ஆதிரைக்கு அப்போது ஒரு வயது. அது நான்காம் பதிப்பு எழுதிய வருஷம்.

ஆத்விக் சொன்னதைக் கேட்டு மிருதுளா சிரித்துவிட்டாள்.

"நல்லதாப் போச்சு. அப்பாவக் கூட்டிட்டு வர்றேன். பட்டை செவப்பு காட்டட்டும். அப்பவாவது உனக்குப் புத்தி வரட்டும்."

"காட்டாது."

"காட்டும் பிரகா. அப்பா உன்ன அறையல."

"நீ அங்க இருந்தியா?"

"இல்ல. ஆனா அன்னிக்குச் சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்து எறங்குனப்ப கேட்டுல நின்னது நான். அப்பா ஒரு கையில உப்பு பாக்கெட்டு, இன்னொரு கையில சக்கரை. நிச்சயத்துக்கு எங்க பக்கம் மாத்திக்கிற சாமான். அறைஞ்ச மனுசன் வர்ற வழியில மளிகைக்கடையில நிப்பாட்டி உப்பு சக்கரை வாங்கிட்டு வருவாரா?"

"வாங்கியிருப்பாரு. ஊருக்குப் பயந்து."

"சட்டை?"

"என்ன சட்டை?"

"அவரு வெள்ளைச் சட்டையில காளான் மசாலா. செவப்பா, இந்தா இங்க, பையி மேல. ரோட்டுக்கடை காளானு. நீயும் அவரும் ஒரே தட்டுல தின்னுருக்கீங்க. உன் வாயெல்லாம் வெங்காய நாத்தம். மூணு தண்ணி அலசுனேன், கறை போகல. நீ எழுதுன மொத பதிவுலகூட இருந்துச்சே, 'மாமா காளான் வாங்கிக் கொடுத்துச் சரி என்றார்'னு. ஒரே வரி."

பிரகதீஷ் மனசுக்குள் தேடிப் பார்த்தான். காளான் இல்லை. தட்டு இல்லை. வெங்காயம்கூட இல்லை. குடோன் இருந்தது, மழை இருந்தது, முகத்தில் விழுந்த கை துல்லியமாக இருந்தது. முதல் பதிவைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. ஒரே கதை இரண்டு இடத்தில் இருந்தால் தேடல் இரண்டையும் தள்ளிவிடும் என்று வாடாமலர் பழைய பதிப்புகளை ஒவ்வொரு வருஷமும் துடைத்து எறிந்துவிடும்.

"மழை பேஞ்சுது அன்னிக்கு," என்றான் பிடிவாதமாக.

"சித்திரை மாசம். வெயில்ல தார் ஒட்டுச்சு."

இந்த இடத்தில் அவனுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. மழை தான் சேர்த்தது என்று அவனுக்கே தெரியும். இரண்டாம் பதிப்பு. அப்போதெல்லாம் ஒரு புது விவரத்தைப் பட்டைக்குப் பச்சையாக்குவது பெரிய பாடு. கம்பெனியிலேயே பயிற்சி கொடுத்தார்கள். தூங்கப்போகும் முன் கண்ணை மூடி அந்த விவரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வாசனை சேர்க்க வேண்டும், முடிந்தால் ஒரு சத்தம். நாலு பேரிடம் சாதாரணமாகச் சொல்லிப் பழக வேண்டும். ஒரு வாரத்தில் சிவப்பு மஞ்சளாகும், மறு வாரம் பச்சை. மழையை அப்படித்தான் பெய்ய வைத்தான். அவள் போட்டிருந்த சுடிதாரை நீலமாக்கினான். சம்மதத்துக்குக் காத்திருந்ததாக ஒரு மாதத்தைச் சேர்த்தான். எல்லாம் சேர்த்ததென்று இன்றைக்கும் தெரிகிறது. அறை மட்டும் அப்படியில்லை. அறையைச் சேர்த்த ஞாபகமே கிடையாது. அறை வாங்கிய ஞாபகம்தான் இருக்கிறது.

"மழைய நான் எழுதினேன், சரி. அறைய நான் எழுதல. அது நடந்தது," என்றான்.

மிருதுளா மகளின் இன்னொரு காதில் கம்மலை அழுத்தினாள். "வெள்ளிக்கிழமை தெரியும்."

வெள்ளிக்கிழமை சம்பத்குமார் தூக்குப்போசியோடு வந்தார். உள்ளே இட்லி மாவு. வாழ்நாள் முழுக்கக் கிரைண்டர் விற்ற மனிதர். கடையை விற்று ஓய்வெடுத்த பிறகும், யாரைப் பார்க்கப் போனாலும் கல்லில் ஆட்டின மாவு இல்லாமல் போகமாட்டார். போசியை ஆத்விக்கின் மேஜையில் வைத்தார். மருமகனைப் பார்த்து, "வாங்க மாப்ள, சௌக்கியமுங்களா?" என்றார். வந்தவரே 'வாங்க' என்றது இருவருக்குமே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

"ம்," என்றான் பிரகதீஷ். கன்னம் எரிந்தது. மாமனார் இளைத்திருந்தார். அந்தக் கையைப் பார்த்தான். சின்னக் கை. அவன் ஞாபகத்தில் அது இதைவிடப் பெரியது.

ஆத்விக் பட்டையை அவர் மணிக்கட்டில் கட்டினான்.

"இது என்னங் தம்பி பண்ணும்?"

"நீங்க சொல்றது உங்க ஞாபகத்துல இருந்து வருதான்னு பாக்குமுங்க ஐயா. பொய் சொன்னா செவப்பு. நம்பிச் சொன்னா பச்சை."

"நெஜத்தச் சொன்னா?"

ஆத்விக் கொஞ்சம் யோசித்தான். "அதுக்குத் தனியா கலர் இல்லீங்க."

மிருதுளா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேண்டியது சிவப்பு. ஒரு விநாடி சிவப்பு எரிந்தால் போதும். ஐந்து வருஷத்து முறைப்பு முடிந்து, மகளுக்கு நிஜக் கம்மல் போட்டுவிடலாம். பிரகதீஷுக்கு எது வேண்டும் என்று அவனுக்கே தெரியவில்லை. பச்சை எரிந்தால் வேலை தப்பும், கோபமும் நியாயமாகும். சிவப்பு எரிந்தால் இரண்டும் போகும். போனால் கையில் மிஞ்சுவது, ஒன்றுமே செய்யாத மனிதரை ஐந்து வருஷம் வாசலில் நிறுத்திய ஆள் என்கிற பெயர். அவன் கால் ஆட ஆரம்பித்தது. மேஜை ஆடியது. மாவு போசியின் மூடி சன்னமாகத் தாளம் போட்டது.

ஆத்விக் நாலாவது பத்தியைப் படித்துக் காட்டினான். "இப்ப சொல்லுங்கய்யா. அன்னிக்கு என்ன நடந்தது?"

சம்பத்குமார் தொண்டையைச் செருமினார். மகளைப் பார்க்காமல் மருமகனையும் பார்க்காமல் போசியைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள பொண்ணு கேட்டு வந்தாரு. குடோன்ல நின்னுட்டிருந்தேன். எனக்கு என்ன வந்துச்சோ தெரியல... கைய நீட்டிப்போட்டேன்."

பட்டை பச்சையாக எரிந்தது.

"அப்பா!" என்றாள் மிருதுளா.

"ஆமா சாமி. அடிச்சுப்போட்டேன்."

"நீங்க அடிக்கலப்பா! சிரிச்சுட்டு வந்தீங்க! உப்பு சக்கரையோட வந்தீங்க!"

"அதும் ஞாபகம் இருக்குது கண்ணு." பட்டை அதற்கும் பச்சை. "அடிச்சேன். பொறகு மனசு கேக்கல. ரோட்டுக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி காளான் வாங்கிக் குடுத்தேன்." மறுபடி பச்சை.

"காளானா!" ஆத்விக் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "அடிச்ச கையாலயே வாங்கிக் குடுத்தீங்களா? ஐயா, இது புதுசுங்க ஐயா! அண்ணா, பத்தாம் பதிப்பு ரெடி!"

யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

"நீங்க ஒருக்காகூட எங்கிட்டச் சொல்லலையேப்பா," என்றாள் மிருதுளா. அவள் குரல் சிறுத்திருந்தது.

"எனக்கே தெரியாது சாமி." அவர் பட்டையை விரலால் சுற்றிச் சுற்றி உருட்டினார். "மாப்ள ஏன் வீட்டுக்கு வர்றதில்லன்னு உன்னக் கேட்டேன். நீ ஒண்ணுமில்லப்பான்னே. சரி, நம்ம என்னமோ தப்புப் பண்ணியிருக்கோமாட்டம் இருக்குதுன்னு அவரு எழுதுனதப் படிச்சேன். அடிச்சேன்னு போட்டிருந்துச்சு. அடிச்சனா நானு? தெனமும் உக்காந்து யோசிப்பேன். திருப்பித் திருப்பிப் படிப்பேன். படிச்ச மனுசன் சும்மா எழுதுவாரா? ரெண்டு வருசமா யோசிச்சு... ஒரு நா ராவு திடீர்னு ஞாபகம் வந்துருச்சு. எல்லாமே. அவரு மொகம் அப்பிடியே திரும்புனது, கிரைண்டர் அத்தனையும் ஓடிட்டிருந்தது, அந்த எரைச்சல்ல எனக்கே சத்தம் கேக்காதது..."

பச்சை, பச்சை, பச்சை.

பிரகதீஷின் கால் நின்றது.

கிரைண்டர்கள். ஆறாம் பதிப்பு. சத்தம் சேர்த்தால் நினைவு சீக்கிரம் பிடிக்கும் என்பதற்காக அவன் ஓடவிட்டவை. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, கொட்டாவி விட்டுக்கொண்டே, தன் கையால் எழுதிய வரி. ஆனால் குடோனில் இருப்பவை பெட்டி பிரிக்காத கிரைண்டர்கள். பெட்டிக்குள் இருக்கும் கிரைண்டர் எப்படி ஓடும்? அந்தக் குடோனில் ஒரு பல்புக்கு மேல் கரண்டே கிடையாது. இருட்டில் பெட்டி எடுக்கிறார்களே என்று மாமனாரே அன்றைக்குக் குறைபட்டுக்கொண்டார். ஊரில் யார் வேண்டுமானாலும் அந்த வரியை நம்பலாம். முப்பது வருஷம் கிரைண்டர் விற்ற மனிதர் நம்பக் கூடாது. அவருக்கே அது ஞாபகம் வந்திருக்கிறது என்றால், அந்த ஞாபகம் வந்தது குடோனிலிருந்து அல்ல. இந்த மேஜையிலிருந்து.

கிரைண்டர் இல்லையென்றால் இரைச்சல் இல்லை. இரைச்சல் இல்லையென்றால், கேட்காமல் போன அந்தச் சத்தம்...

"மாப்ள." சம்பத்குமார் எழுந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்தார். "பெரிய மனுசன்னு நெனச்சு மன்னிச்சுருங்க. பொண்ணு கேட்டு வந்தவர நான் அப்பிடிக் கைநீட்டியிருக்கக் கூடாது."

அந்தக் கண்ணில் தண்ணீர் நின்றது. சொல்லிவிடலாம். மாமா, நீங்கள் அடிக்கவில்லை, உங்களை அடிக்க வைத்தது நான், என்று இரண்டே வரி. பிரகதீஷ் வாயைத் திறந்தான்.

"பரவால்லீங் மாமா," என்றான்.

சம்பத்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பாப்பாவுக்குக் காது குத்திரலாமுங்களா?" என்றார். அதற்கு மட்டும் பிரகதீஷ் வேகமாகத் தலையாட்டினான்.

படியிறங்கும்போது மிருதுளாவின் கையைப் பிடித்து நிறுத்தினான். மேலே மாமனார் ஆத்விக்குக்கு எந்தக் கல் எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு அரிசி ஆட்டும் என்று விளக்கிக்கொண்டிருப்பது கேட்டது.

"அவரு அடிக்கல மிருது."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"கிரைண்டர் நான் எழுதுனது. அது அவரு ஞாபகத்துல இருக்குதுன்னா... அடிக்கல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா இங்க," கன்னத்தைத் தொட்டான், "இன்னும் எரியுது."

அவளுக்குக் கோபப்பட வேண்டிய இடம் அது. ஐந்து வருஷத்துக்கான கோபம் கையிருப்பில் இருந்தது. ஆனால் சுவரில் சாய்ந்து, "அப்ப ஏன்டா பரவால்லைன்னே?" என்றுதான் கேட்டாள்.

"அவரு அழுதாரு."

"அழுதா?"

"இத்தன நாள் யோசிச்சு யோசிச்சு ஒரு காரணத்தக் கண்டுபுடிச்சு வெச்சிருக்காரு. அதையும் புடுங்கிட்டு, காரணமே இல்லாம உங்கள ஒதுக்கி வெச்சேன்னு சொல்றதா? சொல்லத்தான் வாயத் தொறந்தேன், தைரியம் போயிருச்சு."

"காது குத்து முடியட்டும். கோயில்ல வெச்சே சொல்லிரு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"நீ மறந்துராத. அந்தச் சட்டை, உப்பு, சக்கரை... எனக்குப் போயிருச்சு, அவருக்கு அறையோட கலந்துருச்சு. உன்கிட்ட மட்டுந்தான் சுத்தமா இருக்கு."

"மூணு தண்ணி அலசுன கறைடா," என்றாள். "அதெல்லாம் போகாது."

அடுத்த வாரம் ஆத்விக் அவளுக்கே போன் செய்தான். பத்தாம் பதிப்பில் காளானுக்கு ஒரு சாட்சி போதாதாம். கறை பார்த்தவர் அக்காதானே? ஒரு வரிதான். 'கணவரை அறைந்த அதே கை காளான் ஊட்டியபோது சிந்திய கறையை நான்தான் துவைத்தேன்.' மிருதுளா போய் உட்கார்ந்து வாசித்தாள். சிவப்பு வந்தது. கறை நிஜம், அறை பொய், பட்டைக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

"வரியப் பிரிச்சுப் போடு," என்றான் பிரகதீஷ்.

"பிரிச்சா அழகு போயிருமுங்ண்ணா. அக்கா, தூங்கறதுக்கு முன்னாடி ஒருக்கா படிங்க. கறை வந்தாப் போதும். மத்தது கூடவே வந்துரும்."

"வேண்டாம் மிருது," என்று வீட்டுக்கு வந்து சொன்னான்.

"கறை நெஜந்தானே? அதத்தான் நெனச்சுக்கறேன். உன் வேலை போச்சுன்னா காது குத்துக்கு அப்பறம் கம்மல் வாங்கறது யாரு?" என்றாள். படுக்கும் முன் குமிழைக் காதில் மாட்டிக்கொண்டாள். அவன் புரண்டு புரண்டு படுத்தான். இருட்டில் அவள் உதடு அசைவது தெரிந்தது. தட்டி எழுப்பலாமா என்று கை நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டான். கோயிலில் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு ராத்திரியும் தனக்குச் சொல்லிக்கொண்டான். அதுவும் நல்ல பயிற்சிதான். இரண்டு வாரத்தில் நம்பிக்கையே வந்துவிட்டது. மூன்றாவது வாரம் பட்டை பச்சை காட்டியது என்று ஆத்விக் பூங்கொத்துப் படம் அனுப்பினான்.

குலதெய்வக் கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. ஐந்து வருஷம் தள்ளிப்போன விசேஷம் என்பதால் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று தூரத்து உறவெல்லாம் வந்திருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஆதிரை தாத்தாவின் மடியில் உட்கார்ந்து, தட்டிலிருந்த வெல்லம் கலந்த அரிசியை வாய் நிறைய அடைத்துக்கொண்டாள். ஆசாரி ஊசியை எடுத்தார். சம்பத்குமார் தன் சின்னக் கையால் பேத்தியின் கண்ணைப் பொத்தினார். ஒரு வீறல். இன்னொரு வீறல். முடிந்தது. நிஜக் கம்மல்.

"இந்தக் கைதானுங்களா மாமா?" என்று கேட்டான் மிருதுளாவின் அத்தை மகன் தரணீஷ். பந்திக்கு இடம் பிடித்துவிட்டு வந்த சந்தோஷத்தில் இருந்தான். "மாப்ளைய வெச்சு வாங்குன கை?"

சம்பத்குமார் வெட்கத்தோடு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சிரிப்பு எழுந்தது. மன்னிக்கப்பட்டுவிட்ட குற்றம் என்பதால் அவருக்கு இப்போது அதில் கொஞ்சம் பெருமையும் வந்திருந்தது.

"நான்தான் வெளிய நின்னுட்டிருந்தேனே," என்றான் தரணீஷ். "எனக்கே கேட்டுச்சு. பளார்னு."

அந்த வருஷம் முழுக்க தரணீஷ் மஸ்கட்டில் இருந்தான். கல்யாணத்துக்கே வரவில்லை. ஆனால் சொல்லும்போது அவன் முகத்தில் பொய் சொல்கிற களை கொஞ்சமும் இல்லை. சுற்றி நின்ற நாலைந்து பேர் ஆமாமா என்று தலையாட்டினார்கள். மழைகூட வந்துச்சே அன்னிக்கு, என்றார் ஒரு சித்தப்பா.

பிரகதீஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான். இப்போதே சொல்லவேண்டும். இன்னும் ஒரு வருஷம் விட்டால் அந்தக் குடோனுக்குள் ஊரே நிற்கும். "மாமா, ஒரு நிமிசம்," என்றான். சம்பத்குமார் நிமிர்ந்தார். கூட்டமும் நிமிர்ந்தது. துணைக்கு ஆள் வேண்டும். சட்டையைத் துவைத்தவள் வேண்டும்.

"மிருது, இங்க வா. அன்னிக்குச் சாயங்காலம் நானும் மாமாவும் வந்து எறங்குனப்ப என்ன பாத்தேன்னு இவங்களுக்குச் சொல்லு."

மிருதுளா மகளுக்குச் சந்தனம் பூசிய கையோடு வந்தாள். அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பத்து வருஷத்துப் பிரியம் அப்படியே இருந்தது. சந்தனக் கையால் அவன் இடது கன்னத்தை, எரிகிற இடத்தை, சரியாகத் தொட்டாள்.

"இந்தா, இந்தப் பக்கம் அப்பிடியே செவந்து கெடந்துச்சு," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "ஒரு வார்த்த சொல்லாம நின்னே. அன்னிக்கு ரொம்ப வலிச்சுதா பிரகா?"

சந்தனம் குளிர்ந்தது. எங்கேயோ கிரைண்டர்கள் ஓட ஆரம்பித்தன.

"அன்னிக்கு வலிக்கல," என்றான். "இப்பத்தான் வலிக்குது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். காதருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நல்லா இருக்கே. அடுத்த வருசத்துக்கு வெச்சுக்க."